குசினி மூலை

“றூபன், குசினி மூலையிலை மட்டும் கை வையாதை! பெக்கோவை நிப்பாட்டச் சொல்லு!”

கிறிஸ்துராஜா போனைப் பார்த்துக் கத்திய கத்தலில், வெளிநாட்டில் அவர்கள் குடியிருந்த பிளாட்டின் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். இரவு ஷிப்ட் முடிந்து வந்த கிறிஸ்துராஜா இன்னும் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

திரையில் வன்னி வெயில்; சமையலறை இருந்த மூலையை நோக்கி மண் தோண்டும் பெக்கோ இயந்திரம். காடு வெட்டி அந்த ஊரில் முதன்முதலாகக் குடியேறிய அவருடைய பாட்டனார் கட்டிய வீடு குட்டிச்சுவராக நின்றது. அதைத் திரும்பக் கட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மனைவி அருள்மலர்தான். சண்டைக்காலத்தில் சனக்கூட்டத்துக்குள் தொலைந்துபோன மகன் யனுஷன் என்றாவது தேடி வந்தால், அவனுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதானே.

“அத்தான், அத்திவாரம் பழுது. கிண்டாமல் எப்பிடிக் கட்டுறது?” என்றான் அருள்மலரின் தம்பி றூபன்.

“கட்ட வேண்டாம். ஊரின்ரை முதல் வீடு, நினைவுச் சின்னமா அப்பிடியே கிடக்கட்டும். அந்த மூலையிலை செருப்போடை நிக்காதையடா, தள்ளி வா!”

றூபன் சிரித்தான். ஊரை விட்டு ஓடும்போது நகையைப் புதைக்காத குடும்பம் எது? அவனுக்குப் பின்னால் அதற்குள் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

கிறிஸ்துராஜாவின் பக்கத்தில் நின்ற அருள்மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்கப் பாக்கிறியளோ? என்னை முன்னுக்கு அனுப்பிப்போட்டு, பின்னாலை நிண்டு புதைச்சிருக்கிறியள். எனக்குக்கூடச் சொல்லேல்லை!”

“ஓம், புதைச்சனான். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன், நிப்பாட்டச் சொல்லு.”

“ஏலாது. அதையும் வித்து என்ரை பிள்ளைக்கு வீடு கட்டுவன். றூபன், நீ கிண்டு!”

பெக்கோவின் இரும்புக் கை மெல்ல மேலே எழுந்தது. கிறிஸ்துராஜா மனைவியின் முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அது நகையில்லை, மலர். எங்கடை யனுஷன்.”