புடவைகளுக்குள் ஒலிப்பதிவு

"அம்மா, நீ சொல்ற கதையெல்லாம் புடவைங்களுக்குப் புரியுமா?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். தமயந்தி டீச்சர் சிரித்துவிட்டு மறுபடி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். பக்திக் கதைகள் சொல்லும் அவளுடைய பாட்காஸ்டில் கீழ்வீட்டுத் தகரப் பட்டறையின் சுத்தியல் சத்தம் விழுகிறது என்று, அதை வெளியிடுகிறவர்கள் பதிவை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை அந்தச் சத்தம் கேட்டால் நிகழ்ச்சியே நின்றுவிடும். நாள் முழுக்க வகுப்பெடுத்துக் களைத்த தொண்டையோடு, தொங்கும் பருத்திப் புடவைகளின் நடுவே மைக்கை வைத்து மாலை ஐந்து மணிக்குப் பேசினாள். ஒலி சுத்தமாக வந்தது. அதன்பின் தினமும் அப்படியே வந்தது.

"பருத்திப் புடவை போதும் அமலி, சத்தத்தைக் குடிச்சிடுது" என்று பட்டறைக்காரர் சூசையின் மனைவியிடம் பெருமையாகச் சொன்னாள்.

அமலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "புடவையா? நல்லா இருக்கு போங்க டீச்சர்! உங்க பொண்ணு வந்து சொன்னதிலேர்ந்து இந்த மனுஷன் அஞ்சு மணிக்குச் சுத்தியலைக் கீழ வச்சிடறாரு. நீங்க பேசி முடிச்சப்புறம் மிச்ச வேலையை எட்டு மணி வரைக்கும் தட்டறாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

அடுத்த வாரம் சூசை காய்ச்சலில் படுத்தார். மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அவர் தலைமாட்டுச் சுவரை ஒட்டித்தான் அலறும். மூன்று நாள் விடியற்காலையில், யாரும் எழுமுன், தமயந்தி மோட்டாரைப் போடாமல் கீழ்த்தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். சன்னலுக்குள் சூசை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். 'ஆண்டவனே, இந்தச் சத்தம் நிற்காமல் இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு அடுத்த குடத்துக்கு இறங்கினாள்.