சரியாயிருச்சு, நன்றி

திராட்சைத் தோட்டத்து மோட்டாரை போனிலிருந்தே ஓடவிடும் ஸ்டார்ட்டர் பெட்டி மூன்று நாளாக மக்கர் செய்தது. கொடி வாடியது. தோட்டத்துக்காரர் கூடலூர் வேல்பாண்டி எந்த மெக்கானிக்கையும் கூப்பிடவில்லை. தொழில்நுட்ப அறிஞர்கள் கூடும் நல்ல இணையக் குழுவைத் தேடினார்.

முதல் குழுவில் காலை வணக்கம். இரண்டாவதில் ஆண்ட்ராய்டா, ஐபோனா என்று அடிதடி. மூன்றாவதில் சந்தேகம் கேட்டவனுக்கு, "இதுகூடத் தெரியாதா?" என்று நாற்பது பேர் பதில்.

நான்காவதில் துள்ளினார். "முனீஸ்வரி, இங்கன வா! இதே கோளாறு. நாலு வருசத்துக்கு முன்னாடி ஒருத்தன் போட்டோ போட்டுக் கேட்டிருக்கான்."

"என்ன செய்யணுமாம்?"

கீழே இறங்கிப் படித்தார். எட்டுப் பேர் பொறுமையாக விவரம் கேட்டிருந்தார்கள். கடைசியில் அந்த ஆசாமி எழுதியிருந்தது: 'சரியாயிருச்சு. நன்றி.'

"எப்படின்னு சொன்னானா பாரு! தன் காரியம் முடிஞ்சதும் ஓடிட்டான். இவன மாதிரி ஆளுகளாலதேன் ஒரு குழுவும் உருப்படல!"

மனைவி முனீஸ்வரி போட்டோவைப் பெரிதாக்கினாள்.

"ரொம்ப வையாதீக. அந்த வருசம் ஆயுத பூசைக்குக் குங்குமம் தீந்துபோயி, நம்ம பெட்டிக்கு என் ஸ்டிக்கர் பொட்ட ஒட்டுனேன்ல? இந்தா, போட்டோல நல்லாத் தெரியுது."