நீதானே கேட்டாய்

ஒரு கல்லூரியின் பெரிய கணினியிலிருந்து, கட்டடத்துக்கு ஒன்றாக இருந்த நாற்பது முனையங்களுக்கு, அதாவது விசைப்பலகை வைத்த பெட்டிகளுக்கு, கேபிள் போயிற்று. அவற்றைக் கண்காணிக்கும் திரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் "நலமா?" என்று கேட்கும். "நலம்" என்றால் பச்சைப் புள்ளி விழும்.

ஒருநாள் நூலகத்து முனையம், "நலமில்லை. கூரை ஒழுகி என் கேபிள் நனைகிறது," என்றது.

சிவப்புப் புள்ளி விழுந்தது. திரை பதறியது. "அம்மா தாயே, இன்றைக்கு மேலதிகாரி வருகிறார். மற்றதெல்லாம் நலம் என்கிறதே, உனக்கு மட்டும் என்ன?"

"நீதானே கேட்டாய்?"

"கேட்பது என் வழக்கம். நலம் என்பது உங்கள் வழக்கம். மறுபடி இப்படிச் சொன்னால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவேன்."

"எடுத்துக்கொள். கேபிள் அப்போதும் நனைந்துகொண்டுதான் இருக்கும்."

திரை எடுத்துவிட்டது. நிம்மதியாக அடுத்ததைக் கேட்டது: "நலமா?"

விடுதி முனையம் அதுவரை நலம் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. கொஞ்சம் யோசித்தது. "என் சூட்டைத் தணிக்கும் விசிறி நின்று மூன்று நாளாகிறது. என் பேரையும் எடுத்துவிடு," என்றது.

அதற்கடுத்தது, தன் விசைகளில் பாதி வேலை செய்வதில்லை என்றது. திரையும் சொன்ன சொல் மாறாமல் ஒவ்வொரு பேராக எடுத்துக்கொண்டே போயிற்று.

சாயங்காலம் மேலதிகாரி வந்து பார்த்தபோது ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. பச்சையும் இல்லை.