கறையான் தின்ற மூலை

எப்போதோ மூடிப்போன தனியார் வங்கியொன்றின் ஐந்து ரூபாய் நோட்டு அது. பழைய நோட்டுகள் வாங்கி விற்கும் இல்ஹாம் இருபது வருடமாகத் தேடியது. கொழும்பில் ஆறு லட்சத்துக்குப் போகும்.

"என்ன பெறும் மகன்?" என்று கேட்டார், சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்த மசூதா உம்மா.

"மூலைய கறையான் தின்டிருக்கு மாமி. ஐந்நூறுக்கு மேல பெறாது. வேணுமெண்டா நான் எடுக்கன்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா அவ்வளவுதான்."

மசூதா உம்மா கைப்பையைத் திறந்து, ஐந்நூறு ரூபாய்த் தாளொன்றை அந்த நோட்டின் மேல் வைத்தார்.

"இது உங்கட வாப்பா எங்கட அவருக்கிட்டப் பத்திரமா வெச்சிருக்கச் சொல்லித் தந்த அமானிதம் மகன். அவரு மௌத்தாகி அடக்கின பொறகுதான் பெட்டிக்குள்ள கண்டன். எங்கட ஊட்டுல கெடந்துதான் கறையான் தின்டது. நட்டத்துக்கு இந்த ஐந்நூற எடுத்துக்கிட்டு எங்கள மன்னிச்சுப் பொருந்திக்கொள்ளுங்க. நீங்க வல்லாஹி எண்டு சொன்ன பொறகுதான் மனசு லேசாச்சு."

இல்ஹாமுக்கு அந்தத் தாளைத் தொடக் கை கூசியது.