இன்றும் தொழவில்லை

"மகள் இண்டைக்கும் தொழேல்லையோ?" கத்தாரிலிருந்து றிஸ்லான் போன் ஸ்பீக்கரில் கேட்டான்.

"இல்ல. இண்டையோட பத்து நாள்," என்றாள் நுஸ்கியா.

"அல்ஹம்துலில்லாஹ்!"

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு ஜெஸீமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பிள்ளை தொழாட்டி அல்ஹம்துலில்லாஹ்வோ? நல்ல வாப்பா!"

நுஸ்கியா உள்ளே போய் மகளைத் தூக்கிவந்தாள். ஏழு மாதக் குழந்தை.

"நித்திரையால எழும்பினதும் கையை விரிச்சு, திரும்பத் திரும்பக் குனிவா மாமி. தொழுறா எண்டு சிரிச்சு, வீடியோ எடுத்து அவருக்கும் அனுப்பினன். டொக்டர் பார்த்திட்டு வலிப்பு எண்டார். மருந்து குடுத்தாப் பிறகுதான் நிண்டது."

"அப்ப இனி மருந்தை நிப்பாட்டலாம்தானே?" என்றான் றிஸ்லான்.

"ஐயோ, கூடாது! திடீரெண்டு விட்டா வலிப்புக் கூடுமாம். டொக்டர் சொல்லுமட்டும் ஒரு நேரமும் தவறக்கூடாது. இந்த மருந்தால பார்வையும் குறையலாமாம். அதால கண் கிளினிக்குக்கும் கொண்டுபோறன்."

ஜெஸீமா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள்.

"எந்த டொக்டர், நுஸ்கியா? முசலி ஊரில இருக்கிற என்ர மகள்ட பிள்ளையும் தொழுகுதெண்டு நேத்துத்தான் வீடியோ வந்தது."