ஊளை அடங்கிய ஜீப்

ஏலக்காய் வியாபாரி மைதீன் ராவுத்தரின் பழைய ஜீப், பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் பேரிங் தேய்ந்து, பன்னிரண்டு வருடமாக ஊளையிட்டபடியேதான் மலையேறியது. அந்தச் சத்தம் கேட்டாலே அந்த மலையில் திரியும் ஒற்றைக்கொம்பன் யானை பாதையைவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மெக்கானிக்கிடம் விலையை அடித்துப் பேசிப் புது பேரிங் மாட்டிய மறுநாள், சத்தமில்லாமல் வளைவு திரும்பிய வண்டியின் முன்னால் அது விலகாமல் நின்றது. டிரைவர் ஒச்சப்பன் எஞ்சினை அணைத்தான். "வேற வண்டின்னு நெனச்சிருச்சு மொதலாளி." "இப்ப அந்தச் சத்தத்த எவனாச்சும் வித்தா, கேட்ட வெலைக்கு வாங்கிக்கிருவேன்டா" என்றார் ராவுத்தர், உதடு அசையாமல். யானை வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வந்தது. தும்பிக்கையை அடியில் விட்டுத் துழாவி, ஆக்சில் நடுவில் குடம்போல் உருண்டிருந்த, இத்தனை வருடம் ஊளை வந்த அந்தச் சூடான இரும்பில் நுனியை வைத்து அப்படியே நின்றது. அது விட்ட நெடுமூச்சில் வண்டியின் இருபுறமும் புழுதி எழுந்தது. வாய்க்குள் ஓதத் தொடங்கியிருந்த துஆ ராவுத்தருக்குப் பாதியில் நின்றுபோனது.