படுத்துக் கிடக்கச் சம்பளம்

“மூச்சு இருக்கும், விட மாட்டார். கண் இருக்கும், திறக்க மாட்டார். நீட்டி நிமிர்ந்து படுத்தே கிடப்பார், கோடியில் சம்பளம் வாங்குவார். யாரு? சொல்லு பாப்போம்!”

சூரியபிரகாஷ் போட்ட விடுகதைக்கு அவர் மகள் அஸ்வினி யோசிக்கவே இல்லை. ஆனையூரில் அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே விடை படுத்திருந்தது.

காலையிலிருந்து அங்கே சினிமாப் படப்பிடிப்பு. கதைப்படி நாயகன் இறந்துபோகிறான். அந்தப் பெரிய நடிகர் நெற்றியில் நாணயமும், மூக்கில் பஞ்சும், கால் கட்டைவிரல்களில் கட்டும், மார்பில் மாலையுமாகப் பெஞ்சில் கிடந்தார்.

“நாளைக்குப் பட்டிமன்றத்துல இந்த விடுகதையோட ஆரம்பி. கைதட்டு அள்ளும். கப்பு நமக்குத்தான்.”

மறுநாள் அஸ்வினியின் பள்ளியில் பட்டிமன்றம். ‘நடிகர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இவ்வளவு சம்பளம் தகுமா, தகாதா?’ எந்த அணி என்று காலையில் பேர் கொடுத்தால் போதும். அப்பா அவளைத் ‘தகாது’ அணிக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். போன வருஷம் கைக்கெட்டாமல் போன கோப்பை. இந்த முறை அதை வீட்டுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று அவளும் இருந்தாள்.

“சும்மா கெடக்கிறதுக்கு இம்புட்டுச் சம்பளமான்னு ஒரு போடு போடு.”

“வீடு சும்மா நிக்கிறதுக்கு நீங்க வாடகை வாங்கலையா?” அடுப்படியிலிருந்து கேட்டாள் அம்மா நாகஜோதி.

“வீடு வேற, ஆளு வேற!”

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றது. விளக்குகள் அணைந்தன. கேமராவின் மேல் துணியைப் போர்த்திவிட்டுப் படக்குழுவினர் எல்லாரும் கொல்லைப்பக்கம் டீ குடிக்கப் போனார்கள். நடிகர் மட்டும் எழவில்லை. எழுந்தால் மாலை கலையும், மறுபடி அடுக்க நேரமாகும் என்றார்.

“பாத்தியா, எந்திரிக்கக்கூடச் சோம்பேறித்தனம்” என்று அப்பா முணுமுணுத்தார்.

வாசலில் ஒரு கூடை இறங்கும் சத்தம் கேட்டது.

அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து கீரை விற்க வந்த மலையம்மாள் என்ற அம்மா ஒருவர், தெருவில் போட்டிருந்த பந்தலைப் பார்த்திருக்கிறார். திறந்த கதவு வழியே மாலையும் தெரிந்திருக்கிறது. இழவு வீட்டுக்கு யார் அழைக்க வேண்டும்? தெரியாத வீடானாலும் கண்ணில் பட்டுவிட்டால் ஒரு வாய் அழுதுவிட்டுப் போவதுதான் அவருக்கு வழக்கம். கூந்தலை அவிழ்த்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார்.

வந்தவர், நடிகரின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

“மலையம்மா பெத்த மகனே! ஏ சோணை! துபாய்க்குப் போன புள்ள பெட்டியில வந்தியே! தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாகளே! ஒன் மொகத்தைப் பாக்காமயே பொதைச்சேனே, ராசா!”

சூரியபிரகாஷ் விலக்கிவிட எழுந்தார். நாகஜோதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருங்க. இப்பப் போயி சினிமான்னு சொன்னா அவுக என்னத்துக்கு ஆவாக?”

அஸ்வினி நடிகரையே பார்த்தாள். இதோ எழுந்துவிடுவார், இதோ எழுந்துவிடுவார் என்று இருந்தது.

எழவில்லை. கண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் இமைமேல் விழுந்தது. இமை நடுங்கவில்லை. மலையம்மாள் தோளைப் பிடித்து உலுக்கினார். தலை ஒரு பக்கம் சரிந்து, சரிந்த இடத்திலேயே கிடந்தது. உதட்டில் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, நிதானமாக நடந்து, பறந்து போனது. அஸ்வினியும் மூச்சை அடக்கிப் பார்த்தாள், முடியாமல் விட்டாள், மறுபடி அடக்கினாள். அவர் மார்பின் மேல் கிடந்த ரோஜா இதழ் அசையவே இல்லை. நிஜமாகவே செத்துப் போய்விட்டாரோ?

அழுகை மெல்ல ஓய்ந்தது. மலையம்மாள் கீழே உருண்ட நாணயத்தை எடுத்து நெற்றியில் வைத்து, தலையை நேராக்கி, முடியைக் கோதிவிட்டார்.

“இப்பப் பாத்துட்டேன்யா.”

இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதனால் ‘வாரேன்’ என்று சொல்லாமல் கூந்தலை முடிந்துகொண்டு, கூடையைத் தூக்கி நடந்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த படக்குழு, கொல்லைக் கதவருகே அப்படியே நின்றிருந்தது.

“அந்தம்மா தெருவைத் தாண்டிட்டாங்களா?” கண்ணைத் திறக்காமல் பிணம் கேட்டது.

அஸ்வினி வாசல்வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். “தாண்டிட்டாங்க.”

அப்புறம்தான் அவர் எழுந்தார். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார். “என்ன நடிப்பு சார்! கேமரா ஓடாமப் போச்சே!”

“ஓடியிருந்தா எந்திரிச்சிருப்பேன்” என்றார் நடிகர். “இது அவங்க காதுக்கு எப்பவும் போயிரக் கூடாது.”

சூரியபிரகாஷ் ராத்திரிச் சாப்பாட்டின்போது மகள் பக்கம் குனிந்தார்.

“ஏ புள்ள, நீ ‘தகும்’னே பேசு. இன்னைக்குப் பாத்ததை அப்படியே எடுத்து விடு. அழாத ஆளே இருக்க மாட்டாங்க. கப்பு நிச்சயம்!”

மறுநாள் அஸ்வினி ‘தகும்’ அணியில் பேர் கொடுத்தாள்.

மேடையேறி, விளையாட்டு வீரர்களைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கினாள்.